சாமிக்கு ஸ்டிக்கர் தெரியாது, பழம் தெரியும்



இது கொஞ்சம் நீளமான பதிவு. காபி போட்டு வச்சுக்கிட்டு உட்கார்ந்து படிங்க. பாதி படிச்சுட்டு வாட்ஸ்அப் குரூப்பில் சண்டைக்கு வராதீங்க. முழுசா படிச்சுட்டு வாங்க, நான் எங்கேயும் ஓடிப் போகல.

என்னைத் தெரியாதவங்களுக்கு: நம்ம கோயில்ல 19 வருஷமா தொண்டு செய்யறேன். திருவிழான்னா மடப்பள்ளியில பஞ்சாமிர்தத்துக்குப் பழம் உரிக்கிற கூட்டத்துல என்னைப் பார்க்கலாம். படிப்பு எஸ்பிஎம் வரைக்கும்தான். வேலை சாஸ் தொழிற்சாலையில் சூப்பர்வைசர். விவசாயத்துல பட்டம் வாங்கினவன் இல்லை. ஆனா பழத்தைக் கையில் எடுத்தா அது எப்படிப் பழுத்ததுன்னு சொல்லத் தெரியும். அவ்வளவுதான் என் தகுதி.

விஷயத்துக்கு வரேன்.

போன கிருத்திகைக்கு வந்தவங்க எல்லாரும் முன்வாசல் மேசையில ஒட்டியிருந்த அறிவிப்பைப் பார்த்திருப்பீங்க. "சிறப்பு அபிஷேகத்துக்கு ஆர்கானிக் பழங்கள் மட்டுமே ஏற்கப்படும்." பங்குனி உத்திரத்துக்கும் இதையே வைக்கணும்னு செயலவையில பேச்சு நடக்குது. காரணம் என்ன சொன்னாங்க? "ஆர்கானிக் பழம்தான் ருசி. சாமிக்கு ருசியானதைத்தான் படைக்கணும்."

அன்னைக்கு ஒரு பாட்டி வந்தாங்க. கம்பத்து வீட்டிலேர்ந்து பஸ் ஏறி வர்றவங்க. பிளாஸ்டிக் பையில பழைய நாளிதழ் சுத்தி ஒரு சீப்பு ரஸ்தாலி. தோல் மெலிசாகி, அங்கங்கே கரும்புள்ளி விழுந்து, பையைத் திறந்ததும் வாசனை மேசை வரைக்கும் வந்துச்சு. மேசையில இருந்த நம்ம தம்பி மரியாதையாத்தான் பேசினான், அவனைக் குறை சொல்ல மாட்டேன். "பாட்டி, இது அபிஷேகத்துக்கு எடுக்க முடியாது. பேக்கெட்ல ஸ்டிக்கர் ஒட்டி வந்த பழம்தான் எடுக்கச் சொல்லியிருக்காங்க. இதை அன்னதான மேசையில வச்சுட்டுப் போங்க."

பாட்டி ஒண்ணும் பேசல. வச்சுட்டு, கை கூப்பிட்டு, தூண் ஓரமா நின்னு அபிஷேகம் பார்த்துட்டுப் போயிட்டாங்க. சாப்பிடக்கூட உட்காரல.

அந்தச் சீப்புல ஒரு பழத்தை நான் அன்னதான மேசையில எடுத்துச் சாப்பிட்டேன். இந்த வருஷம் நான் சாப்பிட்ட பழங்கள்லயே அதுதான் நல்ல பழம். அதே நேரத்துல உள்ளே, ஸ்டிக்கர் ஒட்டின பெராங்கான் பழத்தை உரிச்சுக்கிட்டு இருந்தோம். பாதிப் பழம் நடுவுல கட்டி. பிசைய முடியல, கடைசியில கரண்டியால நசுக்கினோம். பஞ்சாமிர்தம் வாயில துவர்த்துச்சு. சர்க்கரையைக் கூடப் போட்டுச் சரிக்கட்டினோம். வாங்கிச் சாப்பிட்டவங்க "ஆகா, ஆர்கானிக்னா ஆர்கானிக்தான்"னு சொன்னாங்க.

எனக்கு அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரல. அதுக்கப்புறம்தான் சோதிச்சுப் பார்த்திடலாம்னு முடிவு பண்ணேன்.

எங்க தொழிற்சாலையில சாஸுக்கு மிளகாயை வேற இடத்துல வாங்கினா, ருசி மாறியிருக்கான்னு பார்க்க ஒரு முறை இருக்கு. மூணு கப் வைப்போம். ரெண்டுல ஒரே சாஸ், ஒண்ணுல வேற சாஸ். எது வேறன்னு கண்டுபிடிக்கணும். பெயர் எதுவும் எழுதியிருக்காது. ருசியே தெரியாம சும்மா கை காட்டினாக்கூட மூணு பேர்ல ஒருத்தர் சரியாச் சொல்லிடுவார். அதைவிட ரொம்ப அதிகம் பேர் சரியாச் சொன்னாத்தான் உண்மையிலேயே வித்தியாசம் இருக்குன்னு அர்த்தம்.

இதையே ஒரு ஞாயிற்றுக்கிழமை சிரமதானம் முடிஞ்சதும் நம்ம மடப்பள்ளியில செஞ்சேன். ஆர்கானிக் கடையில ஒரு சீப்பு பெராங்கான், 15 வெள்ளி. காலை மார்க்கெட்ல ஒரு சீப்பு பெராங்கான், 6 வெள்ளி. ரெண்டும் ஒரே ரகம். ரெண்டையும் வீட்டில வச்சு, ஒரே அளவு பழுக்கிற வரைக்கும் காத்திருந்தேன். இது முக்கியம். ஒண்ணு பழுத்தும் ஒண்ணு காயாவும் இருந்தா அது சோதனையே கிடையாது. தோலை உரிச்சு, துண்டு போட்டு, மூணு மூணு கப்பா வச்சேன். 18 பேர் சாப்பிட்டாங்க. சும்மா கை காட்டினாலே 6 பேர் சரியாச் சொல்லியிருக்கணும். சரியாச் சொன்னவங்க 7 பேர்.

அப்புறம் ரெண்டாவது சோதனை. ரெண்டு தட்டு வச்சேன். ஒண்ணுல "ஆர்கானிக்", இன்னொண்ணுல "மார்க்கெட்"னு எழுதி வச்சேன். எது இனிப்புன்னு கேட்டேன். 13 பேர் ஆர்கானிக்னு எழுதின தட்டுதான் இனிப்புன்னாங்க. 2 பேர் மார்க்கெட், 3 பேர் ரெண்டும் ஒண்ணுதான்னாங்க. ஒருத்தர் "ஆர்கானிக்ல ஒரு மண்வாசனை இருக்குப்பா"ன்னு கண்ணை மூடிக்கிட்டுச் சொன்னார்.

அந்த ரெண்டு சீட்டையும் நான் மாத்தி வச்சிருந்தேன். அவங்க இனிப்புன்னு சொன்னது 6 வெள்ளி பழம்.

கோவிச்சுக்கிட்டாங்க, நியாயம்தான். கோயில்ல வச்சு ஏமாத்தினதுக்கு முருகன்கிட்டயும் உங்ககிட்டயும் மன்னிப்பு கேட்டுக்கிறேன். ஆனா உங்களைக் கிண்டல் பண்ண இதைச் செய்யல. என் கண்ணை மூடி, யாராவது சீட்டை மாத்தி வச்சிருந்தா நானும் அதேதான் சொல்லியிருப்பேன். காசு கூடக் கொடுத்ததை நாக்கு விட்டுக்கொடுக்காது. மனுஷ புத்தி அப்படித்தான்.

மூணாவது சோதனைதான் எல்லாத்தையும்விட முக்கியம். ஒரே மார்க்கெட், ஒரே ரகம். ஆனா ஒரு சீப்பு மஞ்சளாகி ஒரு நாள்தான் ஆச்சு, இன்னொரு சீப்பு கரும்புள்ளி விழுற அளவுக்குப் பழுத்தது. கப்புல பெயர் இல்லை, ஒண்ணும் இல்லை. 18 பேரும் பழுத்த பழத்தைச் சரியாக் காட்டினாங்க. ஒருத்தர்கூடத் தப்பல. எட்டு வயசுப் பையன் ஒருத்தன் ஓடி வந்து வாயில போட்டுக்கிட்டு அவனும் சரியாச் சொன்னான்.

18 பேரை வச்சுச் செஞ்சதுக்கு ஆராய்ச்சின்னு பெயர் வைக்க மாட்டேன். மடப்பள்ளி சோதனை, அவ்வளவுதான். ஆனா எது நாக்குக்குத் தெரியுது, எது கண்ணுக்கு மட்டும் தெரியுதுன்னு அது காட்டிடுச்சு.

ருசி எங்கேர்ந்து வருது? என் மக பல்கலைக்கழகத்துல உணவு அறிவியல் படிக்குது. அது விளக்கிச் சொன்னதை என் பாஷையில எழுதறேன்.

வாழைக்காயில சதையில சுமார் 20 சதவீதம் மாவுச்சத்து. நல்லாப் பழுக்கும்போது அந்த மாவு 1, 2 சதவீதமாக் குறைஞ்சு, கிட்டத்தட்ட அத்தனையும் சர்க்கரையா மாறிடுது. மஞ்சள் நிறம் வந்ததும் இந்த வேலை முடிஞ்சிடாது. தோல் முந்திக்கும், சதை பின்னாடி வரும். அதனாலதான் பார்க்க அழகா மஞ்சளா இருக்கிற பழம் நடுவுல கட்டியா, துவர்ப்பா இருக்கு. ஆர்கானிக் வாழையும் இதே மாதிரிதான் பழுக்குது. அதுக்குன்னு தனிக் கணக்கு எதுவும் கிடையாது.

இன்னொண்ணு. எல்லாப் பழமும் பறிச்ச பிறகு இனிப்பாகாது. வாழை, மாம்பழம், பப்பாளி, சிக்கு இதெல்லாம் பறிச்ச பிறகும் பழுக்கும். அன்னாசி, ஆரஞ்சு, திராட்சை, தர்பூசணி இதெல்லாம் பறிச்ச அன்னைக்கு என்ன இனிப்போ அதுதான். புளிப்பா வாங்கின திராட்சையை ஒரு வாரம் வச்சிருந்தாலும் இனிக்காது, சுருங்கத்தான் செய்யும். இதைத் தெரிஞ்சுக்காம எத்தனை திருவிழாவுக்கு நாம பழம் வாங்கி வீணாக்கியிருக்கோம்!

அடுத்தது ரகம். பழனியில பஞ்சாமிர்தத்துக்கு விருப்பாச்சி மலைவாழையைத் தேடுறாங்க. ஏன்? அதுல தண்ணி கம்மி. அதனால பஞ்சாமிர்தம் கெட்டியா நிக்கும், சீக்கிரம் கெடாது. 2019-ல் பழனி பஞ்சாமிர்தத்துக்குப் புவிசார் குறியீடே கொடுத்துட்டாங்க. நம்ம நாட்டுலயும் அப்படித்தான். பெர்லிஸ் ஹாருமானிஸ் மாம்பழத்துக்கு ஏன் சீசன் வரைக்கும் காத்திருக்கோம்? மார்டி 1987-ல் வெளியிட்ட எக்சோட்டிகா பப்பாளி ஏன் இன்னைக்கும் நிக்குது? ரகம்! மட்டமான ரகத்தை ஆர்கானிக்கா வளர்த்தாலும் மட்டமான ருசிதான் வரும்.

மூணாவது, எவ்வளவு தூரத்துலேர்ந்து வருது, எத்தனை நாள் குளிர்ல கிடந்தது. விமானத்துலயும் கப்பல்லயும் வந்து, குளிர்பெட்டியில படுத்திருந்த ஆர்கானிக் ஆப்பிளுக்கும், நேத்து வெட்டின நம்ம ஊர் கொய்யாவுக்கும் ருசிப் போட்டி வச்சா கொய்யாதான் ஜெயிக்கும்.

ஆர்கானிக்னா ருசியே கிடையாதுன்னு நான் சொல்ல வரல. அதுவும் பொய். அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்துல ஆப்பிள் மரங்களை 1994-லிருந்து 1999 வரைக்கும் ஒப்பிட்டுப் பார்த்து, ஆர்கானிக் முறையில விளைஞ்ச ஆப்பிள் இனிப்புக் கூடன்னு 2001-ல் நேச்சர் இதழில் எழுதினாங்க. 2010-ல் கலிபோர்னியாவுல ஸ்ட்ராபெரி பழத்துக்கு இதேபோல ஒப்பீடு வந்துச்சு. அதுல ஒரு ரகத்துல ஆர்கானிக்தான் ருசின்னாங்க சாப்பிட்டவங்க. மத்த ரெண்டு ரகத்துல ரெண்டும் ஏறக்குறைய ஒண்ணுதான். பார்த்தீங்களா? ஒரே பழத்துலயே ரகத்துக்கு ரகம் பதில் மாறுது. இதை வச்சு "ஸ்டிக்கர் இருந்தா ருசி, இல்லாட்டி ருசி இல்லை"ன்னு கோயில் வாசல்ல எழுதி ஒட்ட முடியுமா?

நல்ல ஆர்கானிக் விவசாயி ஒருத்தர் நிதானமா வளர்த்து, பழுக்க விட்டுப் பறிச்சு, பக்கத்துலயே வித்தார்னா அந்தப் பழம் அமிர்தமா இருக்கும். அது அவர் நிதானத்தோட ருசி. பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஆர்கானிக் சான்றிதழ் இல்லாம அதே நிதானத்தோட செஞ்சாலும் அதே ருசிதான் வரும்.

இப்போ அந்த ஸ்டிக்கரைப் பத்தி நாலு வார்த்தை. நம்ம நாட்டுல ஆர்கானிக்னு போடணும்னா அதுக்கு விதி இருக்கு. விவசாய இலாகா கொடுக்கிற மைஆர்கானிக் சான்றிதழ் இருக்கு. மைகேப்னு இன்னொரு சான்றிதழ் இருக்கு, அது ஆர்கானிக் கிடையாது. அதுல மருந்தைக் கட்டுப்பாட்டோட பயன்படுத்தலாம். நம்ம ஆளுங்க ரெண்டையும் ஒண்ணுன்னு நினைச்சுக்கிறாங்க. பசார் மாலாம்ல அட்டையில மார்க்கர் பேனாவால "ஆர்கானிக்"னு எழுதினா அதையும் நம்பி வாங்கிடறாங்க.

"ஆர்கானிக்னா மருந்தே அடிக்க மாட்டாங்க"ன்னு சொல்றதும் தப்பு. வேப்பெண்ணெய் மாதிரி இயற்கை மருந்தும், செம்பு கலந்த சில மருந்தும் ஆர்கானிக்ல அடிக்கலாம். "ஆர்கானிக் வாழை தானாப் பழுத்தது"ன்னு சொல்றதும் எப்பவும் சரியில்லை. வாழை தானாவே விடுற எத்திலீன் வாயுவை அறைக்குள்ள விட்டுப் பழுக்க வைக்கிறதை அமெரிக்க ஆர்கானிக் விதியே அனுமதிக்குது. அதுல தப்பும் இல்லை. தப்பு கார்பைட் கல்லுலதான். அதுலேர்ந்து வர்றது அசெட்டிலீன். கல்லுலயே ஆர்சனிக், பாஸ்பரஸ் கலந்திருக்க வாய்ப்பு உண்டு. இந்தியாவுல அதை வச்சுப் பழுக்க வைக்கத் தடையே இருக்கு. சாமிக்கு ஆகாத பழம்னு ஒண்ணு இருந்தா அது கல்லு வச்சு அவசரமாப் பழுத்த பழம். நம்ம அறிவிப்புல அதைப் பத்தி ஒரு வரிகூட இல்லையே!

இவ்வளவு படிச்சவங்க, "சரிப்பா, உனக்கு ஆர்கானிக் மேல என்ன கோவம்?"னு கேட்கலாம்.

கோவம் ஆர்கானிக் மேல இல்லை. ருசிக்காகன்னு சொல்றோமே, அது மேலதான்.

நான் பிறந்தது கெடாவுல ஒரு தோட்டத்துல. எங்கம்மா முதல்ல பால்மரம் வெட்டினாங்க. அப்புறம் மருந்தடிக்கிற கும்பல்ல போட்டாங்க. நான் நாலாம் வகுப்பு படிக்கிறப்போ அம்மா தினமும் முதுகுல பம்பைக் கட்டிக்கிட்டு புல்லுக்கு மருந்தடிக்கப் போவாங்க. பாரகுவாட். அப்போ அந்தப் பெயரெல்லாம் தெரியாது. "மருந்து"ன்னுதான் சொல்வோம். கையுறை கிடையாது. முகத்துக்குப் பழைய துண்டு. பம்பு ஒழுகும், முதுகு நனையும். அதே கையைக் கழுவிட்டு வந்துதான் எங்களுக்குச் சோறு பிசைஞ்சு கொடுப்பாங்க.

அம்மாவோட வலது கையில ரெண்டு விரல் நகம் கழண்டு விழுந்துச்சு. மறுபடி வளர்ந்தது கோணலா வளர்ந்துச்சு. மூக்குல அப்பப்போ ரத்தம் வரும். "சூடு"ன்னு சொல்லி வெந்தயத்தை ஊறப்போட்டுக் குடிப்பாங்க. மண்டோர்கிட்ட சொன்னா, "முடியலைன்னா வேலையை விட்டுடு"ன்னு பதில். வேலையை விட்டா வீட்டையும் விடணும். யார் விடுவா?

அந்தப் பாரகுவாட்டை நம்ம நாட்டுல 2002-ல் நிறுத்தப் போறோம்னு சொன்னாங்க. 2006-ல் அந்தத் தடையைத் தளர்த்திட்டாங்க. 2020 ஜனவரி 1-லிருந்துதான் முழுசா நிறுத்தினாங்க. உடம்புக்குள்ள போயிட்டா முறிக்க மருந்தே இல்லாத விஷம் அது. எங்கம்மா அந்த 2020-ஐப் பார்க்கல.

இதுதாங்க ஆர்கானிக்குக்கு உண்மையான காரணம். பழம் சாப்பிடுற நம்ம நாக்கைவிட, பம்பு தூக்குறவங்க முதுகைத்தான் முதல்ல நினைக்கணும். மருந்தோட மிச்சம் நமக்கு வர்றது பழத்தோல்ல துளி. அவங்களுக்கு வர்றது குடம் குடமா. இன்னைக்கு அந்தப் பம்பை நம்மாளு தூக்கல, பங்களாதேஷ், இந்தோனேசியத் தம்பிங்க தூக்குறாங்க. முதுகு யாரோடதா இருந்தாலும் முதுகுதானே.

"மருந்தடிக்காத தோட்டத்துப் பழத்தை வாங்குவோம், அங்கே வேலை செய்யறவங்க உடம்பு நல்லாயிருக்கட்டும்"னு செயலவை அறிவிச்சா, நான்தான் முதல் ஆளா காசு போடுவேன். அது தர்மம். "எங்க சாமிக்கு ருசி வேணும், அதனால ஸ்டிக்கர் இல்லாத பழம் வேணாம்"னு சொல்றது தர்மம் இல்லை. அது கடை பார்க்கிற புத்தி.

இன்னொண்ணும் சொல்லணும். மருந்தடிச்சு வந்த அதே அம்மா, எங்க லயத்துக்குப் பின்னாடி நாலு வாழை வச்சிருந்தாங்க. அதுக்கு மருந்து அடிக்க மாட்டாங்க. "வீட்டு மரத்துக்கு எதுக்குடா விஷம்"ன்னு சொல்வாங்க. சாணியும் சாம்பலும்தான் உரம். தார் வெட்டினா முதல் சீப்பு தோட்டத்துக் கோயிலுக்கு. அந்தக் கோணல் நகத்தோட அந்தச் சீப்பைத் தட்டுல வைப்பாங்க. பூசாரி ஒரு நாளும் "இதுக்கு ஸ்டிக்கர் எங்கே?"ன்னு கேட்டதில்லை. இன்னைக்கு 15 வெள்ளிக்கு விக்கிறாங்களே, அந்த ஆர்கானிக் பழத்தை நம்ம ஆயாக்களும் அம்மாக்களும் அந்தப் பெயர் தெரியாமலேயே சாமிக்குக் கொடுத்துக்கிட்டு இருந்தாங்க.

போன கிருத்திகைக்கு நாம திருப்பி அனுப்பினது அந்தப் பழத்தைத்தான்.

அந்தப் பாட்டியை அடுத்த வாரம் பஸ் நிறுத்தத்துல பார்த்தேன். மரத்துக்கு என்ன போடுறீங்கன்னு கேட்டேன். "என்னத்தை அய்யா போடுறது, அரிசி கழுவின தண்ணி, கோழி எரு"ன்னாங்க. மருந்து? "மருந்து வாங்க ஏது காசு?" அவங்களுக்குச் சான்றிதழ் யார் கொடுக்கப் போறா?

நம்ம முருகன் கதையையே எடுத்துக்குங்க. ஒளவையாருக்கு நாவல் மரத்தடியில அந்த மாட்டுக்காரப் பையன் என்ன கேட்டான்? சுட்ட பழமா, சுடாத பழமான்னு கேட்டான். நல்லாப் பழுத்துக் கீழே விழுந்து மண்ணு ஒட்டினதா, இன்னும் இறுகி இருக்கிறதான்னு அர்த்தம். அத்தனை படிச்ச ஒளவையார் அதுக்குப் பதில் தெரியாமத் திணறினாங்க. அன்னைக்கு அந்தப் பையன் கேட்டது பழுத்ததா இல்லையான்னுதான். அவன் வாசல்லயே உட்கார்ந்துக்கிட்டு நாம எந்தக் கடைப் பழம்னு கேட்கிறோம். மண்ணு ஒட்டின பழத்தை ஊதிச் சாப்பிட வச்ச சாமிக்கு, பிளாஸ்டிக் சுத்தின பழம்தான் வேணுமாம்!

உபயம் கொடுத்த அண்ணனுக்கும் ஒரு வார்த்தை. அண்ணே, உங்க மேல எனக்குத் துளி வருத்தமும் இல்லை. கோயில் கூரை ஒழுகினப்போ முதல் ஆளா வந்து நின்னவர் நீங்க. சாமிக்கு நல்லதைக் கொடுக்கணும்னுதான் நினைச்சீங்க. அந்த நினைப்புக்கு நான் தலை வணங்குறேன். ஆனா உங்க 15 வெள்ளியோட அந்தப் பாட்டியோட பஸ் காசையும் ஒரே தட்டுல வச்சுப் பாருங்க. உங்க உபயம் யாரையும் வாசல்ல நிறுத்தி வைக்க நீங்க நினைச்சிருக்கவே மாட்டீங்க.

சும்மா குறை மட்டும் சொல்லிட்டுப் போக மாட்டேன். வர்ற ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துல நான் வைக்கப் போறது இதுதான்:

1. "ஆர்கானிக் பழங்கள் மட்டுமே" அறிவிப்பை எடுத்துடணும். அந்த இடத்துல "நன்றாகப் பழுத்த, அழுகாத பழங்கள் கொண்டு வாருங்கள். கல் வைத்துப் பழுத்த பழம் வேண்டாம்" என்று போடலாம்.

2. பஞ்சாமிர்தப் பழத்தை முதல் நாள் ராத்திரி ஓடிப் போய் வாங்கக்கூடாது. ஒரு வாரத்துக்கு முன்னாடியே நல்லா முத்தின தாரா வாங்கி, நம்ம ஸ்டோர் அறையில பழுத்த பழம் கொஞ்சம் கூட வச்சுச் சாக்கால மூடிப் பழுக்க வைப்போம். பழுத்த பழம் விடுற வாயுதான் மத்த காயையும் பழுக்க வைக்கும். நான் பொறுப்பு எடுத்துக்கிறேன். தினமும் ஷிப்ட் முடிஞ்சு வந்து பார்த்துக்கிறேன்.

3. வீட்டுப் பழத்துக்குன்னு தனி மேசை போடணும். அதை அன்னதானப் பக்கம் தள்ளாம, சன்னதிக்கு எதிர்ல போடணும். வீட்டுல விளைஞ்சதைக் கொண்டு வர்றவங்க பழம்தான் முதல் அபிஷேகத்துக்குப் போகணும்.

4. ஆர்கானிக் வாங்கணும்னா, சான்றிதழைக் காட்டச் சொல்லிக் கேட்டு, நேரா தோட்டக்காரர்கிட்டயே வாங்குவோம். கடைக்குப் போற லாபம் அவருக்கும், வேலை செய்யறவங்களுக்கும் போகட்டும்.

5. எந்தப் பழமா இருந்தாலும் ஓடுற தண்ணியில தேய்ச்சுக் கழுவணும், முக்கியமா திராட்சையும் ஆப்பிளும். சோப்பு வேணாம். ஆர்கானிக்னு கழுவாம விட்டுடாதீங்க, அதுலயும் மண்ணு உண்டு, எத்தனையோ பேர் கை பட்டது உண்டு.

இதுல எது தப்புன்னு தோணுதோ, கூட்டத்துல எழுந்து சொல்லுங்க. சோதனையை நம்பலைன்னா திரும்ப வைப்போம். இந்தத் தடவை கப்பை நீங்க அடுக்குங்க, நான் கண்ணைக் கட்டிக்கிறேன்.

நேத்து அந்தப் பாட்டி வீட்டுக்குப் போயிருந்தேன். மரத்துல இன்னொரு தார் தள்ளியிருக்கு. காய் இன்னும் முத்தல. உத்திரத்துக்குள்ள வெட்டிடலாம்னு சொன்னாங்க. அப்புறம் கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டுக் கேட்டாங்க: "கொண்டு வந்தா எடுத்துக்குவாங்களா அய்யா?"

நான் எடுத்துக்குவாங்கன்னு சொல்லிட்டு வந்திருக்கேன். என்னைப் பொய்யனாக்கிடாதீங்க.

எழுத்துல தப்பு இருந்தா மன்னிச்சுக்குங்க. ஞாயிறு காலை பூஜை முடிஞ்சதும் மண்டபத்துல சந்திப்போம். தெரிஞ்ச பக்தர்களுக்கு இந்தப் பதிவைப் பகிருங்க.

ஓம் சரவணபவ.